வெள்ளிக் கணக்கு நோட்டும் ஜாவா கிளாஸும்

கேள்வி:

அக்கா, வணக்கம். சேலத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஐ.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். முதல் வருஷம் சி மொழி எனக்கு நன்றாகவே வந்தது, லூப், அர்ரே, ஃபங்ஷன் எல்லாம் நானே எழுதுவேன். மூன்றாவது செமஸ்டரில் ஜாவா வந்ததும் எல்லாம் போய்விட்டது. கிளாஸ் ஒரு புளூபிரிண்ட், ஆப்ஜெக்ட் அதன் இன்ஸ்டன்ஸ், நாய் ஒரு விலங்கு, கார் ஒரு வண்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் லேபில் புரோகிராம் கொடுத்தால் எதைக் கிளாஸாக வைப்பது என்றே தெரியவில்லை, கடைசியில் எல்லாவற்றையும் புரோகிராம் ஆரம்பிக்கும் இடமான மெயினுக்குள்ளேயே எழுதிவிடுகிறேன். முதல் இன்டர்னலில் 100க்கு 31. படிக்க நேரமும் குறைவு. சிவதாபுரத்தில் அப்பா சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், ராத்திரி கணக்கு நோட்டை நான்தான் எழுத வேண்டும். எனக்கு இந்த லைன் சரிப்படாதா? பைத்தான் சுலபம் என்கிறார்களே, அதற்கு மாறிவிடலாமா? ஏஐயே கோடு எழுதித் தரும்போது இதையெல்லாம் கற்கத்தான் வேண்டுமா?

– ஐ.டி. மாணவி, சேலம்

பதில்:

உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 31 மார்க் இல்லை. நேரம் போதவில்லை என்பதற்குக் காரணமாக ஒரு வரி எழுதியிருக்கிறாயே, ராத்திரி கணக்கு நோட்டு நான்தான் எழுத வேண்டும் என்று, அந்த வரிதான். உன் கேள்விக்கான பதில் அந்த நோட்டில் இருக்கிறது, அதனால் அதையே வைத்துப் பேசலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாய் ஒரு விலங்கு, கார் ஒரு வண்டி என்கிற உதாரணங்களைப் படித்து உனக்குக் கோடு எழுத வரவில்லை என்றால் அது உன் குறை கிடையாது. அந்த உதாரணங்களில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அவற்றில் ஒரு வேலையும் நடப்பதில்லை. நாய் குரைத்ததும் திரையில் ஒரு வரி வரும், அதோடு முடிந்தது. அங்கே காப்பாற்ற வேண்டிய கணக்கும் இல்லை, தப்பாகப் போனால் நஷ்டப்படும் ஆளும் இல்லை. கிளாஸ் எதற்கு என்று அதிலிருந்து ஒருவருக்கும் தெரியாது. நானும் ஓமலூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவள்தான், எனக்கும் இது கல்லூரியில் புரியவில்லை, வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, நோட்டைத் திற. பட்டறைகளில் நான் பார்த்த வரையில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மேலே பெயர், அப்புறம் தேதி, கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, துண்டு தூள், சேதாரம், கையிருப்பு. உதாரணத்துக்கு ஒருவருக்கு 500 கிராம் கொடுத்தீர்கள், அவர் 462 கிராம் கொலுசும் 31 கிராம் துண்டு தூளும் கொண்டு வந்தார், 7 கிராம் நிற்கிறது, அதில் 5 கிராம் சேதாரமாகக் கழிந்தால் அவர் கையில் இன்னும் 2 கிராம். நீ இதைத் தினமும் எழுதுகிறாய். இதே கணக்கை முதல் வருஷத்து சியில் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவாய்? பெயருக்கு ஒரு அர்ரே, கையிருப்புக்கு ஒரு அர்ரே, மூன்றாவது இடத்தில் இருக்கும் பெயருக்கு மூன்றாவது இடத்தில் இருக்கும் கையிருப்பு. கொஞ்சம் தேறியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஸ்ட்ரக்ட் போட்டிருப்பார்கள். ஓடும், தப்பில்லை. ஆனால் அந்தக் கையிருப்பு எண்ணைப் புரோகிராமின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

நோட்டில் அப்படி முடியுமா? கையிருப்பு 2 என்று இருப்பதை அடித்துவிட்டு நீ பாட்டுக்கு 0 என்று எழுதினால் அப்பா சும்மா இருப்பாரா? என்ன வந்தது, எவ்வளவு எடை, யார் தராசில் வைத்தது என்று கேட்பார். கையிருப்பு மாற வேண்டுமானால் ஒரு வரவோ பற்றோ எழுதித்தான் மாற வேண்டும், நேராகக் கை வைக்கக் கூடாது. புத்தகத்தில் என்கேப்சுலேஷன் என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தாயே, அது இவ்வளவுதான். கையிருப்பைப் பிரைவேட் ஆக்கு, அதாவது அந்தக் கிளாஸுக்கு வெளியே இருந்து யாரும் தொட முடியாதபடி வை. அதை மாற்ற வெள்ளி கொடுப்பதற்கு ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்), கொலுசு வாங்குவதற்கு ஒரு மெத்தட், வேறு வழி வைக்காதே. கொடுத்ததைவிட அதிக எடை திரும்பி வந்ததாக யாராவது பதிந்தால் அந்த மெத்தடே மறுக்க வேண்டும். அந்த மறுக்கும் வரி ஒரே இடத்தில் இருக்கும், நீ மறந்தாலும் அது மறக்காது.

என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் வேலையில் ஒரு குடோனின் சரக்கு இருப்பு புரோகிராம். இருப்பு என்கிற எண்ணைப் பப்ளிக்காக வைத்திருந்தேன், வெவ்வேறு ஆட்கள் எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட ஃபைல்களில் அதைக் கூட்டினார்கள், கழித்தார்கள். ஒரு நாள் ஒரு சரக்கின் இருப்பு மைனஸ் 3 என்று வந்து நின்றது. இல்லாத சரக்கை எங்கேயோ விற்றிருக்கிறது. எங்கே என்று தேட எனக்கு இரண்டு ராத்திரி ஆனது, ஏனென்றால் எல்லா ஃபைல் மேலும் சந்தேகம். கண்டுபிடித்த பிறகு அந்த எண்ணைப் பிரைவேட் ஆக்கி ஒரே ஒரு மெத்தடை வைத்தேன், கோடைச் சரிபார்த்து மாற்றித் தரும் கம்பைலரே மற்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தது. பிரைவேட் என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் ஏறியது.

இப்போது கிளாஸ், ஆப்ஜெக்ட் குழப்பத்துக்கு வருவோம். கோடு போட்டு, தலைப்புகள் மட்டும் அச்சடித்த காலிப் பக்கம் கிளாஸ். ஒரு ஆளின் பெயர் எழுதி ஆரம்பித்த பக்கம் ஆப்ஜெக்ட். நியூ என்று எழுதுவது புதுப் பக்கம் திருப்புவது. கன்ஸ்ட்ரக்டர் என்பது பக்கம் ஆரம்பிக்கும்போது கட்டாயம் எழுத வேண்டியவை. பெயர் இல்லாமல் யாருக்காவது பக்கம் ஆரம்பிப்பீர்களா, மாட்டீர்கள், அப்படியானால் பெயர் கேட்கும் கன்ஸ்ட்ரக்டரை மட்டும் எழுது. நீ ஒரு கன்ஸ்ட்ரக்டரை எழுதிய உடனே ஜாவா சும்மா கொடுத்துக்கொண்டிருந்த காலிக் கன்ஸ்ட்ரக்டர் போய்விடும், அதனால் பெயர் கொடுக்காமல் நியூ போட்டால் கம்பைல் ஆகாது. லேபில் இதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெயர் இல்லாமல் பக்கம் ஆரம்பிக்காதே என்று அது சொல்கிறது, அதுதானே உனக்கும் வேண்டியது.

அந்தக் கன்ஸ்ட்ரக்டருக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது, எல்லோரும் ஒரு தடவை விழுவார்கள். உள்ளே வரும் மாறிக்கும் நோட்டுப் பக்கத்தில் இருக்கும் மாறிக்கும் 'பெயர்' என்ற ஒரே பெயரை வைத்துவிட்டு

பெயர் = பெயர்;

என்று எழுதினால் ஜாவா எரர் கொடுக்காது. உள்ளே வந்ததை அதற்கே திரும்பப் போட்டுக்கொள்ளும், பக்கத்தில் ஒன்றும் பதியாது, பிரிண்ட் செய்தால் நல் (ஒன்றும் இல்லை) என்று வரும். எழுத வேண்டியது

திஸ்.பெயர் = பெயர்;

திஸ் என்றால் இந்தப் பக்கம். இந்தப் பக்கத்துப் பெயர்க் கட்டத்தில், இப்போது சொல்லப்பட்ட பெயரை எழுது. இதை வாசித்துவிட்டுப் போய்விடாதே, தப்பாகவே ஒரு தடவை எழுதி நல் வருவதைக் கண்ணால் பார், பிறகு திருத்து. (மேலே திஸ் என்பதை நீ ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் மாறிகளுக்கும் மெத்தடுகளுக்கும் ஜாவாவில் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அது உனக்குத் தெரியுமா? ஃபைலை யூடிஎஃப்-8 என்கிற எழுத்து முறையில் சேமித்தால் போதும், ஜாவா 18இலிருந்து அதுவே இயல்பு. வீட்டில் பழகும்போது கையிருப்பு, சேதாரம் என்றே வைத்து எழுதிப் பார், யோசிக்கிற மொழியிலேயே கோடு இருக்கும்போது பாதிச் சிக்கல் தானாகக் கழன்றுவிடும். பரீட்சையில் மட்டும் ஆங்கிலப் பெயர்.)

எல்லாவற்றையும் மெயினுக்குள் எழுதிவிடுகிறேன் என்றாய். அதற்குக் காரணம் என்ன என்றும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மெயினிலிருந்து ஒரு மெத்தடைக் கூப்பிட்டிருப்பாய், ஸ்டாட்டிக் இல்லாததை ஸ்டாட்டிக்கிலிருந்து கூப்பிட முடியாது என்று சிவப்பாக வந்திருக்கும், பக்கத்து சிஸ்டத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ஸ்டாட்டிக் போடு சரியாகிவிடும் என்றிருப்பார். எரர் போய்விடும், கூடவே ஆப்ஜெக்டும் போய்விடும். அந்த எரர் உன்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: வெள்ளி கொடு என்கிறாயே, யார் பக்கத்தில் எழுத? ஸ்டாட்டிக் என்பது நோட்டின் அட்டையில் எழுதுவது, எல்லாப் பக்கத்துக்கும் பொது. பட்டறையின் பெயர் அட்டையில் இருக்கலாம். கையிருப்பை அட்டையில் எழுதினால் என்ன ஆகும் என்று நீயே பார்: கையிருப்புக்கு ஸ்டாட்டிக் போட்டுவிட்டு முருகனுக்கு 500, செல்விக்கு 300 கொடுத்துவிட்டு இருவரின் கையிருப்பையும் பிரிண்ட் செய், இரண்டு பேருக்கும் 800 என்று வரும். ஸ்டாட்டிக்கை எடு, 500, 300 என்று பிரியும். பத்து நிமிஷ வேலை, ஆனால் இதைச் செய்த பிறகு மெயினுக்குள் எழுதும் பழக்கம் உனக்கு மெல்லப் போய்விடும். மெயினின் வேலை பக்கங்களை ஆரம்பிப்பதும் யாருக்கு என்ன என்று சொல்வதும் மட்டும்தான்.

இன்னொரு சோதனை. முருகனின் ஆப்ஜெக்டை வேறொரு மாறியில் போடு, அந்த மாறி வழியாக 100 கிராம் கொடு, பிறகு பழைய மாறியின் கையிருப்பைப் பார். அதுவும் 100 கூடியிருக்கும். மாறிக்குள் பக்கம் இல்லை, பக்க எண்தான் இருக்கிறது, இரண்டு பேர் கையில் ஒரே பக்க எண். இரட்டைச் சமன் குறி இரண்டு ஸ்டிரிங்கை ஒப்பிடும்போது சில நேரம் ட்ரூ, சில நேரம் ஃபால்ஸ் என்று குழப்புவதும் இதே காரணத்தால்தான்: அது பக்க எண் ஒன்றா என்று பார்க்கிறது, எழுதியிருப்பது ஒன்றா என்று பார்க்க ஈக்வல்ஸ் வேண்டும். நல் பாயிண்டர் எக்ஸப்ஷன் என்றால் பக்க எண்ணே எழுதாத சீட்டை வைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடுகிறாய் என்று அர்த்தம். ஜாவா 15இலிருந்து எந்த மாறி நல் என்பதையும் அந்த எரர் வரியிலேயே சொல்லிவிடுகிறது, அந்த வரியைக் கடைசி வரை படி.

எடையைப் புள்ளி எண்களுக்கான டபுளில் வைக்காதே. 0.1ஐயும் 0.2ஐயும் டபுளில் கூட்டிப் பிரிண்ட் செய், 0.30000000000000004 என்று வரும். வெள்ளிக் கணக்கில் இது ஆகாது. மில்லிகிராமாக மாற்றி முழு எண்களுக்கான லாங்கில் வைத்துக்கொள், காட்டும்போது மட்டும் கிராமாக்கு.

ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸை உருவாக்குவது இன்ஹெரிடன்ஸ், ஒரே கேள்விக்கு ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் வழியில் பதில் சொல்வது பாலிமார்ஃபிசம். இரண்டும் சேர்ந்து வரும், கூலி நாளில் பார்க்கலாம். சனிக்கிழமை கூலி என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் செய்த எடைக்குக் கூலி, இன்னொருவருக்கு நாள் கூலி. முதலில் நீ என்ன எழுதுவாய், வகை எடை என்றால் இப்படி, வகை நாள் என்றால் அப்படி என்று இஃப் போடுவாய். கூலி போடும் இடத்தில் ஒரு இஃப், சீட்டு அடிக்கும் இடத்தில் ஒரு இஃப், மாத மொத்தம் போடும் இடத்தில் ஒரு இஃப். அடுத்த வாரம் மெருகு போட ஒருவர் வருகிறார், அவருக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது மூன்று இடத்திலும் போய்த் திருத்த வேண்டும், ஒன்றை மறந்தால் அவருக்குக் கூலி பூஜ்யம். இந்த எரிச்சல் உனக்கு ஒரு தடவை வர வேண்டும். வராமல் பாலிமார்ஃபிசத்தைப் படித்தால் அது வெறும் வார்த்தைதான்.

அதனால் முதலில் இஃப் போட்டே எழுது, மூன்றாவது ஆளைச் சேர்த்துப் பார், பிறகு மாற்று. தொழிலாளி என்று ஒரு பொதுக் கிளாஸ், அதில் கூலி என்கிற மெத்தட் பெயரளவுக்கு மட்டும், அதுதான் அப்ஸ்ட்ராக்ட். எடைக் கூலிக்காரர் ஒரு கிளாஸ், நாள் கூலிக்காரர் ஒரு கிளாஸ், ஒவ்வொன்றும் தன் கூலியைத் தானே கணக்குப் போடும். சனிக்கிழமை லூப் ஒவ்வொருவரையும் உன் கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்கும், அவர் எந்த வகை என்று கேட்காது. மெருகுக்காரர் வந்தால் அவருக்கு ஒரு புதுக் கிளாஸ், லூப்பில் ஒரு எழுத்தும் மாறாது. மாறாமல் ஓடியதா என்பதுதான் உனக்கு நீயே வைத்துக்கொள்ளும் பரீட்சை.

ஆனால் ஒன்று. எடைக்கு வேலை செய்பவர் பண்டிகை நேரத்தில் இரண்டு நாள் நாள் கூலிக்கும் உட்காருவார், இல்லையா? அப்போது அவர் எந்தக் கிளாஸ்? ஜாவாவில் இரண்டு கிளாஸிலிருந்து ஒரு கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்ய (நீட்டி உருவாக்க) முடியாது, செய்ய முடிந்தாலும் அது சரியில்லை. ஆளும் கூலி முறையும் வேறு வேறு விஷயம், அவற்றை ஒன்றாக்கியது நம் தப்பு. ஆளின் பக்கத்தில் கூலி முறை என்று ஒரு கட்டம் வை, அந்தக் கட்டத்தில் எடை முறை, நாள் முறை, ஜோடி முறை என்று எந்த ஆப்ஜெக்டையும் செருகலாம், அந்தக் கூலி முறைக்கு ஒரு இண்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வது), அதில் ஒரே ஒரு மெத்தட். ஒரே வாரத்தில் இரண்டும் கலந்து வந்தால் முறைகளின் பட்டியலாக வைத்துக்கொள். வேலைக்கு வந்த பிறகு நாங்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான், எக்ஸ்டெண்ட்ஸ் குறைவாகவும் இப்படிச் செருகுவது அதிகமாகவும். பாடத்தில் இன்ஹெரிடன்ஸுக்கு அதிகப் பக்கம் இருப்பதால் அதுதான் பெரிது என்று நினைத்துவிடாதே.

இதையெல்லாம் பட்டறைக்காக நான் வலிந்து பொருத்தவில்லை. இந்த முறை பிறந்ததே இப்படித்தான். நார்வேயில் ஆஸ்லோவில் இருந்த நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டரில் 1960களில் ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் செய்த மொழி சிமுலா. வரிசையில் நிற்கிற ஆட்கள், வேலை நடக்கிற இடங்கள், இவற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. ஒவ்வொரு ஆளும் பொருளும் தன் விவரத்தையும் தன் வேலையையும் தானே வைத்திருந்தால் எழுதச் சுலபம் என்று கண்டார்கள், சிமுலா 67இல் கிளாஸ் வந்தது. கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டியூரிங் விருது, 2001க்கானது, இதற்காக அவர்களுக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தபோது சிமுலாவில் எழுதிப் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்தான் 1979இல் பெல் ஆய்வகத்தில் சியோடு கிளாஸைச் சேர்க்க ஆரம்பித்தார், அது சி பிளஸ் பிளஸ் ஆனது. நீ படிக்கும் ஜாவா 1995இல் வெளிவந்தது. ஆக ஒரு பட்டறையின் நடப்பைக் கம்ப்யூட்டருக்குள் எழுதுவது இந்தப் பாடத்துக்கு வெளியே இருக்கும் விஷயம் அல்ல, பாடமே அதுதான்.

பைத்தானுக்கு மாறாதே, இந்த செமஸ்டர் முடியும் வரையாவது. பைத்தான் நல்ல மொழி, பிறகு கற்றுக்கொள்வாய், நிச்சயம் தேவைப்படும். ஆனால் அங்கே பிரைவேட் என்பதை மொழி கட்டாயப்படுத்தாது, பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்டுத் தொடாதே என்று சொல்வதோடு சரி. ஆரம்பத்தில் கண்டிப்பான அப்பா மாதிரி ஒரு கம்பைலர் இருப்பது உனக்கு நல்லது. திஸ் புரியாதவருக்கு, பைத்தானில் அதே வேலையைச் செய்யும் செல்ஃபும் புரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏஐ பற்றி. நான் தினமும் உபயோகிக்கிறேன், உன்னை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொலுசுப் பட்டறைக் கணக்குக்கு ஜாவா எழுது என்று கேள், அரை நிமிஷத்தில் அழகாகத் தந்துவிடும். அதில் துண்டு தூள் திரும்பி வருவதற்குக் கட்டம் இருக்குமா, சேதாரத்தை யார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது இருக்குமா, கையிருப்பு மைனஸில் போனால் என்ன செய்ய என்பது இருக்குமா, அது உன் வீட்டு வழக்கம், நீ சொன்னால்தான் அதற்குத் தெரியும். எது யார் பொறுப்பு என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது தந்ததைப் பார்த்துத் தப்பைப் பிடிக்க முடியும். அதனால் முதல் தடவை நீயே எழுது, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. ஓடிய பிறகு அதைக் கொடுத்து எங்கே உடையும் என்று கேள். எரர் புரியவில்லை என்றால் தமிழிலேயே விளக்கச் சொல். எழுதித் தா என்று மட்டும் இந்த செமஸ்டரில் கேட்காதே.

பரீட்சை. டெஃபனிஷன் மனப்பாடமாக இருக்கிறது என்றாயே, நல்லது, இரண்டு மார்க் கேள்விகளுக்கு அது போதும். 13 மார்க் கேள்வியில் நாயையும் காரையும் விட்டுவிட்டு தொழிலாளி, எடைக் கூலி, நாள் கூலி என்றே எழுது. உனக்கு அந்தக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு, அதனால் நடுவில் மறந்தாலும் யோசித்து எழுதிவிடலாம், மனப்பாடம் செய்த உதாரணத்தில் அது நடக்காது. லேபில் பேங்க் அக்கவுண்ட் கொடுத்தாலும் சரி, நூலகம் கொடுத்தாலும் சரி, கீபோர்டைத் தொடும் முன் பேப்பரில் ஒரு கேள்வி எழுது: இதை நோட்டில் எழுதினால் யார் யாருக்குத் தனிப் பக்கம் ஆரம்பிப்பேன்? தனிப் பக்கம் வேண்டியதெல்லாம் பெரும்பாலும் கிளாஸ், பக்கத்துக் கட்டங்கள் மாறிகள், கட்டத்தை மாற்றும் வரவு பற்று மெத்தடுகள்.

லைன் சரிப்படாதா என்று கேட்டதற்கு: சி உனக்கு நன்றாக வந்திருக்கிறது, கணக்கை நம்பி உன் கையில் கொடுத்திருக்கிறார்கள், ஒரு இன்டர்னல் மார்க்கை வைத்து இதற்கு முடிவு எடுக்காதே.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய். இன்று ராத்திரி நோட்டு எழுத உட்காரும்போது, இதில் எதையெல்லாம் யாரும் கேட்காமல் மாற்றக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டு, அவர் சொல்வதைச் சொன்ன மாதிரியே ஒரு தாளில் எழுதிக்கொள். ஏழெட்டு வரி வரும். அவைதான் உன் முதல் கிளாஸின் பிரைவேட் மாறிகளும் மெத்தடுக்குள் வர வேண்டிய இஃப்களும். மூன்று ஆட்களுக்குப் பக்கம் ஆரம்பித்து, நோட்டில் இருக்கும் ஒரு வாரப் பதிவை அப்படியே ஓட்டு, கடைசியில் வரும் கையிருப்பு நோட்டோடு ஒத்துப்போகிறதா பார். ஒத்துப்போகாவிட்டால் கோடையும் எரரையும் சேர்த்து எனக்கு எழுது, உட்கார்ந்து பார்க்கலாம்.